டீல் கடற்கரையில் கிடைத்த செப்புக் காசு: இரண்டு சிங்கங்கள், ஒரு கேடயம், அரபு போன்ற எழுத்து – இது எந்த நாட்டுக் காசு?

கடலோரத்தான் (கெண்ட், இங்கிலாந்து):

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள கெண்ட் மாவட்டத்தில் குடியிருக்கிறேன். மெட்டல் டிடெக்டருடன் கடற்கரையில் நடப்பது எனக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அண்மையில் கிழக்கிலிருந்து பலத்த காற்று விடாமல் வீசியதில், டீல் நகரை ஒட்டிய கூழாங்கல் கரையின் மேல்பகுதியைக் கடல் பெருமளவு அரித்துச் சென்றுவிட்டது. காற்று ஓய்ந்தபின், கடல் வற்றிய நேரத்தில், வழக்கமாகக் கற்களுக்கு அடியில் மறைந்திருக்கும் கெட்டியான அடுக்கு வெளியே தெரிந்த ஓரிடத்தில் இக்காசு கிடைத்தது. அந்தப் பகுதியில் டிடெக்டர் பயன்படுத்தத் தடை இல்லை என்பதை முன்பே விசாரித்து அறிந்துகொண்டிருக்கிறேன்.

காசு வட்டமானது, செம்பு என்றே தோன்றுகிறது. கரும்பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மணலும் சுண்ணமும் சேர்ந்து இறுகிய படிவால் மூடப்பட்டுள்ளது. ஒரு பக்கத்தின் நடுவில் சிலுவைக் குறியுள்ள கேடயம் ஒன்று இருக்கிறது. அதன் இருபுறமும் பின்னங்கால்களில் நிற்கும் இரண்டு விலங்குகள். அவை சிங்கங்களாக இருக்கலாம். ஒவ்வொன்றும் கொடிக்கம்பம் போன்ற ஒன்றைப் பிடித்திருக்கிறது. கீழே ஒரு நாடா. அதில் எழுத்துகள் இருந்த தடம் தெரிகிறதே தவிர படிக்க முடியவில்லை. விளிம்பின் அடியில் 1, 8, 0 ஆகிய எண்கள் தெரிகின்றன. நான்காவது எண் தேய்ந்திருக்கிறது. மறுபக்கத்தில் அரபு போன்ற எழுத்துகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றுக்குக் கீழே, படிவின் ஓரத்தில், எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்து ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அதற்கு வலப்புறம் இருப்பது எதுவும் தெரியவில்லை.

இங்கே பழக்கமானவர்களிடம் காட்டினேன். எக்ஸ் இருப்பதால் ரோமானியக் காசு என்று ஒருவர் சொன்னார். எழுத்தைப் பார்த்துத் துருக்கியக் காசு என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. இது எந்த நாட்டுக் காசு, இந்தக் கரைக்கு எப்படி வந்திருக்கும் என்பதை அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். மேலும், நம் வீடுகளில் செப்புப் பாத்திரங்களுக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால் மீதி எழுத்துகள் தெளியுமா என்பதையும் சொல்லுங்கள்.

செப்புக்காசு (கோயம்புத்தூர்):

நண்பரே, முதலில் கடைசிக் கேள்விக்கு விடை: புளி வேண்டாம். எலுமிச்சை, வினிகர், பல்துலக்கும் பசை, கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். பாத்திரத்தில் நீங்கள் தேய்த்து எடுப்பது மேலே படிந்த கறையை மட்டுமே. அடியில் உள்ள செம்பு நல்ல நிலையில் இருக்கிறது. பல்லாண்டு கடல்நீரில் கிடந்த காசில் மேற்பரப்புச் செம்பே உப்புடன் சேர்ந்து வேறு பொருளாக மாறியிருக்கும். எழுத்தின் மேடும் பள்ளமும் அந்த மாறிய அடுக்கில்தான் நிற்கின்றன. அமிலம் அந்த அடுக்கைக் கரைத்தால் எழுத்தும் அதனுடன் போய்விடும். பளபளப்பான, குழிவிழுந்த ஒரு செப்புத் தகடு மட்டும் மிஞ்சும். அப்படிக் கெடுக்கப்பட்ட காசுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது.

இப்போதைக்குக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி வாருங்கள். உப்பு மெல்ல வெளியேறும். வாரக்கணக்கில் ஆகலாம், அவசரம் வேண்டாம்.

ரோமானியக் காசு என்ற கருத்துக்கு ஒரே ஒரு அடிப்படைதான் இருக்கிறது. ரோமக் குடியரசின் தெனாரியஸ் காசில் எக்ஸ் குறி உண்டு. அது ஆஸ் என்னும் சிறு ரோமானியக் காசு பத்தின் மதிப்புடையது என்பதைக் காட்டுவதற்காகப் பொறிக்கப்பட்டது. ஆனால் தெனாரியஸ் வெள்ளிக் காசு. மேலும் 180 என்று தொடங்கும் ஆண்டை இன்றைய எண்களில் பொறித்த ரோமானியக் காசு இருக்கவே முடியாது. துருக்கியும் அல்ல. உதுமானியச் செப்புக் காசுகளில் சுல்தானின் முத்திரைக் கையொப்பமும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். கேடயத்தைத் தாங்கும் சிங்கங்கள் இருக்கமாட்டா. கேடயமும் அதைத் தாங்கும் விலங்குகளும் ஐரோப்பியச் சின்ன மரபு. மறுபக்கத்தில் அரபு வரிவடிவம். இரண்டும் ஒரே காசில் சேர்ந்திருந்தால், ஆசியாவில் வாணிகம் செய்த ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை நோக்கித்தான் செல்ல வேண்டும்.

மூன்று விவரங்கள் தேவைப்படுகின்றன. நகைக்கடைத் தராசு போல நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசில் எடையைப் பாருங்கள். வெர்னியர் அளவுகோலால் விட்டத்தை அளவிடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, ஒரு கைவிளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி விழும்படி வைத்துப் படம் எடுங்கள். நேர் ஒளியில் காணாமற்போகும் எண்கள் பக்க ஒளியில் தம் நிழலால் தெரிந்துவிடும். விளக்கைக் காசைச் சுற்றி நான்கு திசைகளிலும் நகர்த்திப் பார்க்க வேண்டும் என்பது முக்கியம்.

தெமாசெக்_வாசகர் (சிங்கப்பூர்):

மேலே சொன்ன வழியில் நானும் ஒரு அடி எடுத்து வைக்கிறேன். கேடயத்தில் சிலுவை, இருபுறம் கொடி ஏந்திய சிங்கங்கள் என்றால் அது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். சிலுவையின் மேல்மூலையில், பார்ப்பவருக்கு இடப்பக்கம், இன்னொரு சிறு கேடயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஐயமே இல்லை.

எங்கள் பக்கத்தில் இச்சின்னமுள்ள காசுகள் சேகரிப்பாளர்களிடம் நிறைய உண்டு. கம்பெனி சுமாத்திராவில் தான் வைத்திருந்த குடியிருப்புகளுக்காக 1804-இல் கெப்பிங் என்னும் செப்புக் காசுகளை வெளியிட்டது. ஒரு பக்கம் இதே சின்னம். மறுபக்கம் அரபு வரிவடிவில் எழுதிய மலாய். ஒரு கெப்பிங், இரண்டு கெப்பிங், நான்கு கெப்பிங் என மூன்று அளவுகள். உங்கள் விவரிப்பில் உள்ள 180 என்னும் எண்களுடன் 1804 நன்றாகவே பொருந்துகிறது. எக்ஸ் எழுத்துதான் இடிக்கிறது. கெப்பிங் காசுகளின் எழுத்துப் பக்கத்தில் ஆங்கில எழுத்து கிடையாது. அங்கே மதிப்பை அரபு எண்ணாகவும் ஆண்டை ஹிஜ்ரி 1219 எனவும் பொறித்திருப்பார்கள். நீங்கள் எக்ஸ் என்று காண்பது ஒரு கீறலாகவோ அரபு எழுத்தின் வாலாகவோ இருக்க வாய்ப்புண்டா?

கடலோரத்தான்:

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்தேன். எடை 4.41 கிராம். விட்டம் 25.6 மில்லிமீட்டர். விளிம்பில் கோடுகளோ எழுத்தோ இல்லை, வழவழப்பாக இருக்கிறது. காந்தம் ஈர்க்கவில்லை. வட்டம் மிகவும் ஒழுங்காக இருப்பது எனக்கே வியப்பாக உள்ளது; எந்தத் திசையில் அளந்தாலும் ஏறத்தாழ அதே அளவுதான் வருகிறது.

சிங்கப்பூர் நண்பர் கேட்ட சிறு கேடயம் இருக்கிறது. சிலுவையின் இடப்பக்க மேல்கட்டத்தில், கடுகளவே ஆன நான்கு கட்டங்களாகப் பிரிந்த ஒரு கேடயம். உருப்பெருக்கியில் பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது. அதைக் கண்ட நொடியில் நெஞ்சு படபடத்தது.

எக்ஸ் கீறல் அல்ல. அதன் நான்கு முனைகளிலும் அச்செழுத்துக்கு உரிய சிறு குறுக்குக் கோடுகள் உள்ளன. ஒரு கால் தடிமனாகவும் மற்றது மெல்லியதாகவும் இருக்கிறது. அதை அடுத்து ஒரு புள்ளி. அதற்குப்பின் வளைந்த ஓர் எழுத்தின் இடப்புறம் படிவுக்கு வெளியே எட்டிப்பார்க்கிறது. அது சி ஆகவோ ஜி ஆகவோ ஓ ஆகவோ இருக்கலாம்.

எழும்பூர்_நாணயர் (சென்னை):

தம்பி, உங்கள் கையில் இருப்பது சென்னைக் காசு.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காக, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில் அடித்து அனுப்பிய பத்துக் காசு இது. எக்ஸ் என்பது ரோமானிய எண்ணில் பத்து. அதை அடுத்த புள்ளிக்குப்பின் படிவுக்குள் மறைந்திருப்பது ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல். நீங்கள் கண்ட வளைவு அதன் முதலெழுத்தான சி. மேலே உள்ளது அரபு அன்று, அரபு வரிவடிவில் எழுதிய பாரசீகம். ‘தஹ் காஸ் தோ ஃபலூஸ் அஸ்த்’ என்று படிக்க வேண்டும். பத்துக் காசு இரண்டு ஃபலூஸ் (செப்புச் சில்லறை) ஆகும் என்பது பொருள். இதன் பெரிய இணையான இருபது காசில் ரோமானிய இருபதும், ‘பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்’ என்ற வாசகமும் இருக்கும். சின்னப் பக்கத்தின் நாடாவில் உள்ளது இலத்தீன். இங்கிலாந்து மன்னர், நாடாளுமன்றம் ஆகியோரின் ஆதரவில் கம்பெனி இயங்குகிறது என்று அறிவிக்கும் வாசகம்.

இந்த முடிவுக்கு நான் வருவதற்குச் சின்னத்தை மட்டும் நம்பவில்லை. கம்பெனியின் சின்னம் பல காசுகளில் இருக்கிறது. அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கம்பெனி 1835-இல் வெளியிட்ட கால் அணாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே சின்னம், உங்கள் காசுக்கு மிக அருகில் வரும் விட்டம். ஆனால் அது 6.47 கிராம் எடைக்கு அடிக்கப்பட்டது. எவ்வளவுதான் தேய்ந்தாலும், உருவங்கள் இவ்வளவு தெளிவாக நிற்கும் நிலையில் அது 4.41 கிராமுக்கு இறங்கியிருக்காது. பம்பாய் மாகாணத்துக் கால் அணாவில் மறுபக்கம் ஒரு தராசும் அதன் தட்டுகளுக்கு நடுவே ‘அத்ல்’ என்னும் அரபுச் சொல்லும் இருக்கும். உங்களுடையதில் தராசு இல்லை. சோஹோ பத்துக் காசின் எடை ஏறத்தாழ 4.66 கிராம். கடலில் கிடந்து கால் கிராம் அளவுக்குக் குறைந்திருப்பது முற்றிலும் இயல்பு. மேலே ஒட்டியுள்ள படிவையும் கணக்கில் கொண்டால் உலோக இழப்பு இன்னும் சற்று அதிகம் இருக்கும்.

சிங்கப்பூர் நண்பர் சொன்ன இரண்டு கெப்பிங் காசு மிகவும் பொருத்தமான ஐயம். அதை அவர் எழுப்பியது நல்லதாயிற்று. அதுவும் சோஹோவில் அடித்ததுதான். அளவிலும் எடையிலும் பத்துக் காசுக்கு அருகில் வரும். எழுத்துப் பக்கம் முழுவதும் படிவால் மூடியிருந்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். எக்ஸ் எழுத்தின் முனைக்கோடுகள் ஐயத்தை நீக்கிவிட்டன.

வட்டத்தின் ஒழுங்கு உங்களுக்கு வியப்பளித்தது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் காரணம் உண்டு. அன்று நம் நாட்டில் புழங்கிய செப்புக் காசுகளில் பெரும்பாலானவை கையால் சம்மட்டி கொண்டு அடித்தவை. விளிம்பு ஓரிடத்தில் பிதுங்கி ஓரிடத்தில் குறைந்திருக்கும், அச்சு நடுவில் விழாது. போல்டன் தம் நாணயச் சாலையில் நீராவியால் இயங்கும் அச்சுப் பொறிகளை வைத்திருந்தார். அவற்றில் விழும் ஒவ்வொரு காசும் ஒரே அளவில் வந்தது. அதைப் போலச் செய்து கள்ளக் காசு அடிப்பது கடினமாயிற்று. சில்லறைக்குக் கள்ளக் காசும் தட்டுப்பாடும் பெரும் தொல்லையாக இருந்த காலம் அது என்பதால், கம்பெனி ஆயிரக்கணக்கான மைல் தொலைவுக்குக் காசைக் கப்பலேற்றி அனுப்பும் செலவை ஏற்றுக்கொண்டது. 1794-இலேயே வட சர்க்கார் எனப்பட்ட இன்றைய ஆந்திரக் கடலோரப் பகுதிக்காகச் சோஹோவிலிருந்து செப்புக் காசுகள் வந்தன. பிறகு 1803-இல் ஒன்று, ஐந்து, பத்து, இருபது காசுகளும், 1808-இல் பத்தும் இருபதும் அடிக்கப்பட்டன. அதே காலத்தில் சென்னை நாணயச் சாலையும் செப்புக் காசுகளை அடித்தது. அவற்றில் தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. சோஹோவில் அடித்தவற்றில் பாரசீகமும் ஆங்கிலமும் இலத்தீனும் மட்டுமே. ஆகவே அடுத்த முறை யாரேனும் கம்பெனிச் சின்னத்துடன் பத்துக் காசு கொண்டுவந்தால் எந்த மொழிகள் இருக்கின்றன என்று பார்த்தாலே எங்கே அடித்தது என்று சொல்லிவிடலாம்.

இதன் மதிப்பையும் சொல்லிவிடுகிறேன். பணம் என்பது அன்று ஒரு நாணயத்தின் பெயர். 80 காசு ஒரு பணம். 42 பணம் வராகன் என்னும் ஒரு பொற்காசு. அதாவது 3,360 காசு சேர்ந்தால் ஒரு வராகன். உங்கள் பத்துக் காசு ஒரு பணத்தில் எட்டில் ஒரு பங்கு. 1818-இல் சென்னை மாகாணத்தின் கணக்கு ரூபாய்க்கு மாற்றப்பட்டபோது வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வகுத்தார்கள்.

இனி மிக முக்கியமான கேள்வி: ஆண்டின் கடைசி எண் 3-ஆ, 8-ஆ? தேய்ந்த காசில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் நீங்கள் நிற்கும் கரையில் அந்த ஓர் எண் எல்லாவற்றையும் மாற்றிவிடும். பக்க ஒளியை எண்ணின் இடப்புறத்திலிருந்து விழச்செய்து பாருங்கள். 3 என்றால் இடப்புறம் திறந்திருக்கும், நிழல் உள்ளே பாயும். 8 என்றால் இரண்டு வளையங்களும் மூடியிருக்கும். காரணத்தை நீங்கள் பார்த்துச் சொன்னபின் எழுதுகிறேன். முன்பே சொன்னால் கண் தான் விரும்புவதைக் கண்டுவிடும்.

கடலோரத்தான்:

ஐயா, உங்கள் பதிலை மீண்டும் மீண்டும் படித்தேன். நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். என் ஊருக்காக அடித்த காசு என்று படித்தபோது கண் கலங்கிவிட்டது.

நேற்றிரவு அறையை இருட்டாக்கிப் பார்த்தேன். இடப்புறம் ஒளி வைத்தபோது, கடைசி எண்ணின் கீழ்ப்பகுதியில் ஒரு மெல்லிய மேடு இடப்பக்கமாக வளைந்து மூடுவதும், அதற்குள் ஒரு சிறு குழி நிழலாக நிற்பதும் தெரிந்தன. மேல்வளையத்தின் இடப்புறம் தேய்ந்திருக்கிறது. அங்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விளக்கைக் கீழ்ப்புறம் கொண்டு வந்தபோதும் கீழ்வளையம் மூடியே தெரிந்தது. எனவே 8 என்றே கருதுகிறேன். படங்களை இணைத்துள்ளேன்.

எழும்பூர்_நாணயர்:

படங்களைப் பார்த்தேன். 8 தான். மேல்வளையம் தேய்ந்திருப்பது தடையில்லை; 3-இன் கீழ்ப்பகுதியில் அப்படிப்பட்ட மூடிய குழி அமையாது.

இப்போது காரணம். 1797-இல் லண்டனின் பிளாக்வாலில் கட்டப்பட்ட அட்மிரல் கார்டனர் என்னும் கம்பெனிக் கப்பல், சென்னையை நோக்கிப் புறப்பட்டு, 1809 ஜனவரி இறுதியில் டீல் நகருக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டுக் காற்று மாறக் காத்திருந்தது. டவுன்ஸ் எனப்படும் அந்த நங்கூரப் பரப்புக்கு வெளியே குட்வின் மணல்திட்டு நீண்டு கிடக்கிறது. கரையிலிருந்து ஏறத்தாழ ஆறு மைல் தொலைவு. கடல் ஏறும்போது முழுவதும் மறைந்துவிடும், வற்றும்போது சில இடங்களில் தலைகாட்டும். வீசிய புயலில் கப்பல் அந்தத் திட்டில் மோதி உடைந்தது. இரும்பும் நங்கூரங்களும் பீரங்கிக் குண்டுகளும் ஏற்றியிருந்த அக்கப்பலில், சென்னைக்காகப் பீப்பாய்களில் அடைத்த சோஹோ செப்புக் காசுகளும் இருந்தன; ஏறத்தாழ 50 டன். அனைத்தும் 1808 என்று பொறித்த பத்தும் இருபதும்.

1970-களில் டோவர் துறைமுகப் பணிக்காகக் குட்வின் திட்டிலிருந்து அள்ளிக் கொட்டிய மணலில் இக்காசுகள் கட்டி கட்டியாக வெளிப்பட்டன. 1980-களின் நடுவில் முக்குளிப்பவர்கள் கப்பலின் எச்சத்திலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை எடுத்தார்கள். நாணய வியாபாரிகளிடம் இன்று கிடைக்கும் 1808 பத்துக் காசுகளில் பெரும்பகுதி அப்படி வந்தவையே. அவை சென்னையின் கடைத்தெருவை ஒருநாளும் பார்க்காதவை.

உங்கள் காசு கிடைத்த இடம் அந்தத் திட்டுக்கு நேர் எதிரே உள்ள கரை, ஆண்டு 1808, மேற்பரப்பில் கடல்படிவு. கப்பலோடு தொடர்பு இருக்க மிகுந்த வாய்ப்புண்டு என்று நான் கருதுகிறேன்.

செப்புக்காசு:

அடையாளத்தை ஐயா மறுக்க இடமின்றி நிறுவிவிட்டார். கப்பல் தொடர்பைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். பத்து இலட்சம் காசுகள் வெளியே வந்து, பெரும்பகுதி சந்தைக்குச் சென்றிருக்கின்றன; நினைவுப் பொருளாக வாங்கியவர்களும் பலர். அவற்றுள் ஒன்று அண்மைக் காலத்தில் யாரோ ஒருவரின் சட்டைப்பையிலிருந்து கரையில் விழுந்திருக்கவும் கூடும். இரண்டு வழிகளையும் பிரித்தறிய உதவுவது காசின் நிலைதான். சந்தைக்கு வந்தவை பெரும்பாலும் வேதிப்பொருளால் கழுவப்பட்டவை. மேற்பரப்பு ஒரே சீராகச் சிவந்தோ கறுத்தோ இருக்கும். உங்கள் காசில் சுண்ணமும் மணலும் இறுகிய தடித்த படிவு, அதுவும் எழுத்துகளின் பள்ளங்களுக்குள் புகுந்து பிடித்திருப்பது படத்தில் தெரிகிறது. சில ஆண்டுகள் கரையில் கிடந்த காசில் இவ்வளவு படிவு சேர்வது அரிது. என் கணிப்பும் ஐயாவின் பக்கமே சாய்கிறது. ஆனால் படிவை அகற்றிவிட்டால் அந்தச் சான்று போய்விடும் என்பதை மறக்காதீர்கள். புளி வேண்டாம் என்று நான் தொடக்கத்தில் வற்புறுத்தியதற்கு இதுவும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்று: ஊறவைத்து உலர்த்தியபின் காசின் மேல் வெளிர்பச்சை நிறத்தில் பொடி பூத்தால், உள்ளே இருக்கும் குளோரைடு ஈரத்துடன் சேர்ந்து செம்பைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். கரும்பச்சைக் கெட்டிப் பூச்சு தீங்கற்றது. வெளிர்பச்சைப் பொடி ஆபத்து. அப்படித் தெரிந்தால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் ஒருவரிடம் காட்டுங்கள்.

தேம்ஸ்_தமிழன் (லண்டன்):

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நண்பர் காசைச் சென்னைக்கு எடுத்துச் சென்று காட்டும் ஆசையில் இருக்கக்கூடும் என்பதால், சட்ட நிலையைச் சொல்வது அவசியமாகிறது.

இங்கிலாந்தில் வயலில் கிடைக்கும் பழம்பொருளுக்குப் புதையல் சட்டம், 1996 என்பதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். கப்பலிலிருந்து வந்த பொருள் அந்தச் சட்டத்தின் கீழ் வராது. அதற்கு 1995-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் பொருந்தும். உடைந்த கப்பலிலிருந்து வந்த எந்தப் பொருளையும், அது கடலடியில் கிடைத்தாலும் கரையில் ஒதுங்கிக் கிடைத்தாலும், ரிசீவர் ஆஃப் ரெக் என்னும் அரசு அதிகாரிக்கு 28 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒற்றைச் செப்புக் காசு என்பதாலோ விலை குறைவு என்பதாலோ விலக்கு இல்லை. தெரிவிக்கத் தவறினால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு. பொருளின் மீது கண்டெடுத்தவருக்கு உள்ள உரிமையும் போய்விடும். முறையாகத் தெரிவித்தால் அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை. படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். உரிமையாளர் ஓராண்டுக்குள் உரிமை கோரலாம். யாரும் கோராதபோது, இத்தகைய சிறு பொருள்களைக் கண்டெடுத்தவரிடமே விட்டுவிடுவது வழக்கத்தில் உண்டு. அதுவரை காசு உங்கள் பாதுகாப்பில் இருக்கிறதே தவிர உங்களுடையது ஆகிவிடவில்லை. ஆகவே விற்பதோ, நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வதோ இப்போது கூடாது. பின்னர் எடுத்துச் செல்ல விரும்பினாலும், மண்ணிலும் கடலிலும் கிடைத்த பழம்பொருள்களுக்கு ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்திடம் கேட்டுத் தெளிந்தபின்பே செல்லுங்கள்.

கப்பல் கிடக்கும் இடம் கப்பற்சிதைவுப் பாதுகாப்புச் சட்டம், 1973 என்பதன் கீழ் காக்கப்பட்டிருக்கிறது. உரிமம் இன்றி அங்கே முக்குளிக்கவோ எதையும் எடுக்கவோ கூடாது. கரையில் நடப்பதற்கு அது தடையில்லை. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாரேனும் படகு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மாவட்டத்துத் தொல்பொருள் பதிவு அலுவலரிடமும் காட்டலாம். அவர்கள் பொதுவாக 1700-க்கு முந்தைய பொருள்களையே பதிவு செய்கிறார்கள். பிந்தையவற்றில் சிறப்பானவற்றை மட்டும் சேர்ப்பது உண்டு. இதைச் சேர்க்க வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன்.

நாகைக்காரர் (நாகப்பட்டினம்):

அருமையான உரையாடல். எங்கள் பக்கத்துக் கடற்கரைகளிலும் புயலுக்குப்பின் பழங்காசுகள் ஒதுங்குவதுண்டு. நானும் ஒரு டிடெக்டர் வாங்கித் தரங்கம்பாடி, நாகூர்ப் பகுதிகளில் தேடலாமா?

எழும்பூர்_நாணயர்:

வேண்டாம் தம்பி. இங்கிலாந்தில் உள்ளதுபோல இதைப் பொழுதுபோக்காக ஏற்று ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. புதையல் சட்டம், 1878-இன்படி, மண்ணில் மறைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி தொல்பொருள் ஆகிறது. தற்செயலாகக் கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுத் தொகுதியில் இருப்பவற்றுள் பல அவ்வாறு குடியானவர்கள் ஏர் ஓட்டும்போதும் கிணறு வெட்டும்போதும் கண்டு ஒப்படைத்தவைதாம்.

கடலோரத்தான்:

லண்டன் நண்பர் சொன்னபடி படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன்; பெற்றுக்கொண்டதற்கான பதிலும் வந்துவிட்டது. படிவில் கை வைக்கவில்லை. காசு காய்ச்சி வடித்த நீரில் இருக்கிறது.

ஒரு ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது. கண்டெடுத்த இடத்தைப் படிவத்தில் டீல் கடற்கரை என்று எழுதினேன். அது போதுமா, அல்லது இன்னும் நுணுக்கமாகத் தர வேண்டுமா?

தேம்ஸ்_தமிழன்:

போதாது. கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் அதிலேயே இடக்குறிப்பு எண்கள் பதிவாகியிருக்கும். அவற்றை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பி, உங்கள் பதிவு எண்ணுடன் சேர்க்கும்படி கேளுங்கள். கூடவே, மேலே கிடந்த கூழாங்கற்களில் கிடைத்ததா, அவை அரித்துப்போனபின் வெளிவந்த கெட்டியான அடுக்கில் கிடைத்ததா என்பதையும் எழுதுங்கள். நேற்று விழுந்த காசு மேற்கற்களுக்குள் நழுவிக் கிடக்கும். அடியடுக்கில் பதிந்திருந்தது என்பது அது அங்கே நெடுநாள் இருந்ததற்கான சான்று. காற்று வீசிய திசையையும் கடல் வற்றியிருந்த நிலையையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அதே கரையில் வேறு யாரேனும் இதே காசைக் கண்டெடுத்துப் பதிவு செய்யும்போது இரண்டையும் ஒப்பிட அது தேவைப்படும்.